ஒரு பக்கத்து ஆணிகள்

அந்த ஆணி நேற்று அங்கே இல்லை. நெல்டாவுக்கு அது நன்றாகத் தெரியும். கூடாரத்தின் கயிற்றை அந்த பைன் மரத்தில் அவள்தான் இரண்டு நாளைக்கு முன்பு கட்டினாள். முடிச்சுப் போடும்போது மூக்கு பட்டையில் உரசும் அளவுக்குக் கிட்டே நின்றாள். முடிச்சுக்கு இரண்டு சாண் மேலே ஆணி இருந்திருந்தால் தெரியாமலா போயிருக்கும்? இப்போது இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளைத் தலை, பெருவிரலால் அழுத்திக் குத்துகிற ரகம்.

அந்தப் பக்கத்து மான் வேட்டைக்காரர்கள் அதை மினுக்கு ஆணி என்பார்கள். விடியுமுன் இருட்டில் காட்டுக்குள் போகிறவன் வழி தவறாமல் இருக்க மரத்துக்கு மரம் குத்தி வைப்பான். நெற்றி விளக்கின் வெளிச்சம் பட்டால் பூனைக் கண் மாதிரி மின்னும். வெளிச்சம் படாவிட்டால் அது வெறும் தகரம்தான்.

பயப்பட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பயம் வரவில்லை. ஒரு வருஷமாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை.

"பர்விஸ், இந்த ஆணி நீங்க குத்துனதா?"

நெருப்புக்குப் பக்கத்தில் மத்தி மீன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த பர்விஸ் தலையைத் தூக்கினார். அறுபது தாண்டிய மனிதர். மர ஆலையில் நெல்டாவின் அண்ணன் டாயிலோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர்.

"நானா? எனக்கு இருக்கிற பார்வைக்கு ஆணி குத்தினா என் விரல்லதான் குத்துவேன்." எழுந்து வந்து பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "பழசா இருக்கும். போன வருஷம் தேட வந்தவனுங்க இத ஒண்ண விட்டிருப்பானுங்க."

"கண்ணுக்கு நேரா இருக்கிறதையா?"

"ஆளையே விட்டுட்டுப் போனவனுங்க, ஆணிய விடமாட்டானுங்களா? வா, காபி ஆறுது."

போன நவம்பரில், இதே இடத்தில்தான் டாயிலும் பர்விஸும் கூடாரம் போட்டார்கள். மிசிசிப்பியின் தெற்கே அரசாங்கக் காடு அது. செம்மண் பாதை முடிகிற இடத்தில் டிரக்கை நிறுத்திவிட்டு, எங்கே வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளலாம். கேட் கிடையாது, குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது, யாரும் வந்து விசாரிக்கவும் மாட்டார்கள். பதினாலு நாள் ஆனால் மட்டும் இடத்தை மாற்ற வேண்டும். டாயிலுக்கு இதைவிடப் பெரிய சொர்க்கம் இருந்ததில்லை.

அன்றைக்கு அந்திக்கு முன்னால் ஓடைப் பக்கம் போனவன் திரும்பவில்லை. இருட்டிய பிறகு மரங்களுக்கு நடுவே, ஒரு ஆள் உயரத்தில், வெள்ளையாக ஒரு வெளிச்சம் நின்றதைப் பார்த்ததாகப் பர்விஸ் சொன்னார். "டாயில்! உன் லைட்டு தெரியுது! அங்கயே நில்லு, நான் வரேன்!" என்று கத்திக்கொண்டே போனாராம். போகப் போக வெளிச்சம் கிட்டே வரவே இல்லை. பிறகு அணைந்துவிட்டது.

மறுநாள் காலையில் டாயிலின் நெற்றி விளக்கு கூடாரத்தில், அவனுடைய மடக்கு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுத்துப் போகவே இல்லை. அப்படியானால் எந்த வெளிச்சத்தைப் பார்த்தீர் என்று போலீஸ்காரர்கள் கேட்டார்கள். பர்விஸின் மூச்சில் பீர் வாடை அடித்தது. அதோடு விசாரணை முடிந்தது. நெல்டாவும் நம்பவில்லை. பத்து மாதம் அவரோடு பேச்சை விட்டுவிட்டாள்.

பதினோரு நாள் தேடினார்கள். மோப்ப நாய்கள் ஓடைக்கரை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டன. தேடுகிறவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று டாயில் குத்தியிருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நெல்டாவிடம் கொடுத்தார்கள். அது இன்னும் அவள் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு கிடக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் டாயில் பெயருக்குக் கல் மட்டும் நிற்கிறது. பிறந்த வருஷம் இருக்கிறது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"ஒரு பூட்ஸாவது கொண்டு வாடி" என்றாள் அம்மா, நெல்டா கிளம்பும்போது. "வெறும் பெட்டியப் புதைக்க எனக்கு மனசு வரல."

அதற்காகத்தான் வந்தாள். ஒரு பூட்ஸுக்காக. அதுவும் கிடைக்காமல் திரும்பினால் அம்மா இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர, அந்த வருத்தமும் எங்கேயோ பக்கத்து வீட்டில் நடப்பது போலத்தான் இருந்தது.

ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. மேகம் மூடி, நிலாவும் இல்லை. பைன் கட்டையின் பிசின் நெருப்பில் சீறிச் சீறி வெடித்தது. ஈரக் கரியும் காபியும் ஓடைச் சேறும் கலந்த வாசனை கூடாரத் துணி வரைக்கும் ஏறியிருந்தது. நெல்டா சின்ன மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். இந்த மாதிரி இடத்தில் அதுதான் கக்கூஸ். குழி தோண்டி, காரியம் முடித்து, மூடிவிட்டு வர வேண்டும்.

"தூரமா போகாத" என்றார் பர்விஸ். "இங்க உன்னப் பாக்க அணிலுக்குக்கூட ஆசை கிடையாது."

"இருநூறு அடி தள்ளிப் போகணும்னு சட்டம்."

"சட்டம் பேசறதுல அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு. விசில் இருக்கா?"

"கழுத்துல இருக்கு."

"ஒரு சத்தம் குடு, வந்து நிப்பேன். போன தடவ மாதிரி விடமாட்டேன், மிஸ் நெல்டா." கடைசிச் சொற்களை அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நம்பாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று ஆரஞ்சுத் தொப்பியை மாட்டி, அதன் மேல் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

காரியம் முடிந்து, மண்ணைத் தள்ளி மூடி, நிமிர்ந்தபோது விளக்கு வெளிச்சம் எதிர் மரத்தில் விழுந்தது. வெள்ளையாக ஒரு புள்ளி மின்னியது. அதற்குப் பின்னால், இருபது அடி தள்ளி, இன்னொன்று. அதற்கும் பின்னால் மற்றொன்று.

எல்லாம் அவள் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, ஆறடி இரண்டங்குல ஆளின் கண்மட்டத்தில் இருந்தன. டாயிலின் உயரம்.

அவனுடைய கணக்கு அவளுக்கு மனப்பாடம். ஒற்றை ஆணி என்றால் நேரே போ. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் திரும்பு. முக்கோணமாக மூன்று என்றால் வந்து சேர்ந்துவிட்டாய், நில். நாக்கில் பெருவிரலை நனைத்துக்கொண்டுதான் குத்துவான். சின்ன வயதில் அவளுடைய தொப்பியின் முன்னால்கூட ஒன்று குத்திவிட்டிருந்தான். 'நீ எங்க தொலைஞ்சாலும் மினுக்கும், எடுத்துருவேன்' என்பான்.

பர்விஸைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே முதல் மரத்தைத் தாண்டினாள். ஆணியைப் பார்த்தால் பின்னால் போவது அந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கால் பழக்கம். யார் குத்தியது என்று கேட்டுவிட்டு யாரும் நடப்பதில்லை.

காலடியில் பைன் ஊசிகள் மெத்தை மாதிரி அமுங்கின, சத்தமே வரவில்லை. இவ்வளவு நேரமும் ஓடைப் பக்கம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் எந்த மரத்தைத் தாண்டும்போது நின்றன என்று அவள் கவனிக்கவில்லை. நின்றிருந்தன. இரண்டு ஆணி, இடப்பக்கம் திரும்பினாள். ஒற்றை. ஒற்றை. மறுபடி இரண்டு. சேற்று வாடை குறைந்து வேறு ஒரு வாசனை லேசாக வந்தது. உதட்டுக்கடியில் அதக்கும் புகையிலை, புதினா போட்டது. டாயிலின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டப்பாவின் வாசனை. நெஞ்சுக்குள்ளே ஏதோ ஒன்று, ரொம்ப நாள் கழித்து, ஒரு தடவை அடித்தது.

மூன்று ஆணி.

பழைய, பெரிய பைன். அதன் அடியில் ஊசிகளை யாரோ கையால் ஒதுக்கியது போல ஒரு முழத்துக்கு வெறும் மண். அவள் மண்டியிட்டுத் தோண்டினாள். நாலாவது தள்ளலில் மண்வெட்டி தோலில் இடித்தது.

பூட்ஸ். வலது கால். கயிறு இரட்டை முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது, அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி. வெறும் பூட்ஸின் கனம் இல்லை அது. உள்ளே பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். போதும். அம்மாவுக்கு இது போதும். கூடாரத்துக்குப் போய், பர்விஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விடிந்ததும் கிளம்பிவிடலாம்.

திரும்பினாள்.

எதிரே ஒரு ஆணியும் மின்னவில்லை.

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி விளக்கை வீசிப் பார்த்தாள். பட்டை, பட்டை, பட்டை. கறுப்பு. வந்த வழியில் இருந்த கடைசி மரத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஆணி இருந்தது. இந்தப் பக்கம் இல்லை.

டாயில் ஒருநாளும் அப்படிக் குத்தமாட்டான். போகிறவனுக்கு ஒன்று, திரும்புகிறவனுக்கு ஒன்று என்று மரத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவான். ஒரு பக்கம் மட்டும் குத்துகிறவன், வருகிறவன் திரும்பிப் போவதைப் பற்றி யோசிக்காதவன்.

பெரிய மரத்தடிக்கே திரும்பி வந்தாள். வழி தவறினால் நின்ற இடத்தில் நில், விளக்கை அணை, கண் பழகட்டும், நெருப்பின் சிவப்பைத் தேடு. இதுவும் டாயில் சொல்லிக்கொடுத்ததுதான். விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து, பொத்தானை அழுத்தினாள்.

இருட்டு வந்தது. நெருப்பின் சிவப்பு எங்கேயும் இல்லை.

ஆணிகள் மின்னின.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையிலிருந்த விளக்கைத் தடவினாள். அணைந்துதான் இருந்தது. பின்னால் மரத்தில் மூன்று. எதிரே, இத்தனை நேரம் ஒன்றுமே இல்லாத பக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் வரைக்கும். வரிசையாக. வெள்ளையாக.

தூரத்தில் இருந்த ஒன்று அணைந்தது. மறுபடி எரிந்தது.

அடுத்தது அணைந்தது. எரிந்தது.

ஏதோ ஒன்று ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் வந்து, கடந்து, வந்துகொண்டிருந்தது. காலடிச் சத்தம் இல்லை. ஊசி மெத்தையில் யாருக்கும் சத்தம் வராது.

அணைந்தது. எரிந்தது.

புதினா வாசனை.

"டாயில்?" என்றாள். கேட்டிருக்கக் கூடாது.

நாலடி தள்ளி இருந்த ஆணி அணைந்தது. எரியவில்லை.

அவள் நகரவில்லை. குளிர்ந்த, ஈரமான ஒரு பெருவிரல் அவள் தொப்பியின் முன்பக்கத்தைத் தொட்டது. நடு நெற்றியைத் தேடியது. அழுத்தியது. 'டிக்' என்று சின்னச் சத்தம், எலும்புக்குள்ளே கேட்டது. வலி இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் வாய் மரத்துப்போவது போல, நெற்றி, கன்னம், உதடு, நாக்கு என்று கீழே இறங்கியது. பிறகு வாசனை விலகியது.

அப்போது தொலைவில், இடப்பக்கம், பர்விஸின் குரல்.

"நெல்டா! உன் லைட்டு தெரியுது! அங்கயே நில்லு, நான் வரேன்!"

மார்பில் அணைத்திருந்த பூட்ஸை அவளால் இப்போது தெளிவாகப் பார்க்க முடிந்தது. கயிறு, முடிச்சு, ஒட்டியிருந்த சிவப்பு மண், எல்லாம். வெள்ளை வெளிச்சம் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் தலையை லேசாக ஆட்டினாள். வெளிச்சமும் ஆடியது.

வராதீங்க. வாயைத் திறந்தாள். நாக்கு தகரம் மாதிரிக் கிடந்தது. விசிலைக் கவ்வினால் உதடு மூடவில்லை. விசில் சத்தம் கேட்டால் இன்னும் வேகமாகத்தான் வருவார் என்பதும் நினைவுக்கு வந்தது. ஒரு வருஷம் கழித்து அவளுக்கு அழுகை வந்தது, அண்ணனுக்காகவும் அந்தக் கிழவருக்காகவும். முகத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

"இதோ வந்துட்டேன்! அசையாம நில்லு!"

சுள்ளிகள் முறியும் சத்தம் நெருங்கியது. அவளுக்கு நாலடி தள்ளி இருந்த ஆணி மறுபடி எரிந்தது. அதற்கு அடுத்தது அணைந்தது, எரிந்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், பர்விஸின் குரல் வந்த பக்கமாக அது போய்க்கொண்டிருந்தது.