குளிர் அறையை அணைத்த கை

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஐஸ்கிரீம் தொழிற்கூடத்தின் குளிர் அறைக் கதவுக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு ஓடை கிளம்பி, கூடத்தைக் கடந்து, படி இறங்கி, தெருவில் நின்ற இரண்டு நாய்களுக்கு எதிர்பாராத அதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. உள்ளே அடுக்கியிருந்த சரக்கு அநேகமாக மொத்தமும் உருகிவிட்டது. முழுதாக உயிர் தப்பியவை கோன்கள் மட்டுமே.

அந்த நேரத்தில் டாக்டர் ஒரு தொழுவத்தில், அடம்பிடித்த கன்று ஒன்றை உலகத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்றால் கால்நடை டாக்டர். சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே டாக்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மாட்டு டாக்டர் என்பார்கள். இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார். கையைக் கழுவி முடித்ததும் போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, உடனே வாங்க. உங்க தம்பி என் தம்பியைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறாரு."

"உன் தம்பி என்ன பண்ணினான்?"

"அவன் ஒண்ணும் பண்ணல அண்ணி. ஆனா யாரோ பண்ணியிருக்காங்க. அந்த யாரோ இவன்தான்னு உங்க தம்பி சாதிக்கிறாரு."

டாக்டர் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கிளம்பினார். அது நல்லதாகப் போயிற்று. தொழிற்கூடத்துக்குள் கணுக்கால் நனைய ஸ்ட்ராபெரி.

கூடத்தின் நடுவில் அவர் தம்பி, அதாவது முதலாளி, நின்று கத்திக்கொண்டிருந்தார். வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முதலாளியோ ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, ஒரு காலில் பாரத்தைப் போட்டு மேசையைப் பிடித்தபடி நின்றார். எதிரே அவர் மனைவியின் தம்பி. பால், சர்க்கரை, பழம் கலந்து சுவை கூட்டுவது அவன் வேலை. முதலாளி மச்சான் என்று கூப்பிடப்போக, தொழிற்கூடம் முழுவதற்கும் அவன் மச்சான் ஆகிப்போனான். இன்று அந்த மச்சான் கையில் துணிப்பை இருந்தது. போவதற்குத் தயாராகிவிட்டான்.

ஓரத்தில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அடுக்கின் நட்டநடுவில் இருந்ததால் பாதி உருகாமல் தப்பிய டப்பா ஒன்று அவர் மடியில் இருந்தது.

"தடயம் பார்க்கிறேன்" என்றார் கரண்டியை வாயிலிருந்து எடுத்து.

"அக்கா, நீயே கேளு" என்று தொடங்கினார் முதலாளி. "குளிர் அறையோட சுவிட்சு என் ரூம்ல இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நான்தான் ரூமைப் பூட்டினேன். ஞாயித்துக்கிழமை லீவு. இன்னிக்குக் காலையில திறந்தா சுவிட்சு அணைஞ்சிருக்கு. பூட்டு உடையல. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு இவன்கிட்ட. நான் அணைக்கல. அப்ப யாரு?"

"கரண்ட் போயிருந்தா?"

"போகலை" என்றார் இன்ஸ்பெக்டர். "பக்கத்துக் கடையில விசாரிச்சாச்சு."

"காரணமும் இருக்கு" என்றார் முதலாளி. "சனிக்கிழமை காலையில புதுக் கலவையை ருசி பார்த்தேன். உப்பு சப்பில்ல. சொன்னேன். அதுக்கு இவன் எல்லார் முன்னாலயும் என்ன சொன்னான் தெரியுமா?"

மச்சான் தலையைக் குனிந்தான். "எல்லாம் உருகி ஓடட்டும்னு சொன்னேன். கோவத்துல சொன்னேன் டாக்டரக்கா."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அவனுக்கு அது நல்ல சகுனமாகத் தெரியவில்லை. புகார் பதிவானால் வேலை மட்டும் போகாது, அக்கா வீட்டு வாசலையும் இனி மிதிக்க முடியாது. அவன் அக்கா கதவோரம் நின்று புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கம் நிற்பதா, கூடப்பிறந்தவன் பக்கம் நிற்பதா என்று தெரியாமல் கதவின் பக்கம் நின்றாள்.

டாக்டர் முதலாளியின் அறைக்குள் போனார். சின்ன அறை. மேசைக்குப் பின்னால் சுவரில் இரண்டு தடித்த சுவிட்சுகள் பக்கத்துப் பக்கத்தில், தலையில் சிவப்பு விளக்கோடு. ஒன்று குளிர் அறைக்கு, மற்றது முதலாளியின் ஏசிக்கு. எது எது என்று எழுதி ஒட்டவில்லை. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க மனமில்லாமல் தம்பி தானே மாட்டியது. சுவரின் உச்சியில் கோன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சதுரமாக ஒட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. குளிர் அறைக் கதவையும் போய்ப் பார்த்தார். விளிம்பு ரப்பர் நைந்து, விரல் போகும் அளவுக்கு இடைவெளி.

"இந்த ரப்பரை மாத்தச் சொல்லி வாய் வலிக்குது. மாமா காதுல போட்டுக்கல" என்றான் மச்சான் மெல்ல.

டாக்டர் இன்ஸ்பெக்டரின் டப்பாவில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"இதுவா சப்பில்லாத கலவை?"

"அதேதான்" என்றான் மச்சான்.

"பிரமாதமா இருக்கு மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கும் அதுதான் குழப்பம்."

டாக்டர் தம்பி மனைவியைத் தனியே அழைத்தார்.

"வீட்டுல எப்படி இருக்கான்?"

"ஒரு வாரமா மனுஷன் மனுஷனா இல்ல அண்ணி. வாயில வச்சதெல்லாம் மண்ணு மாதிரி இருக்காம். யாரு சிரிச்சாலும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்களாம். நேத்து முழுக்க இழுத்துப் போர்த்திட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காபி வேணுமான்னு கேட்டேன். எல்லாரும் சேர்ந்து என்னை ஒழிக்கப் பார்க்கிறீங்கன்னு சொன்னார். காபிக்கு அப்படி ஒரு பதில் நான் கேட்டதே இல்ல."

"சனிக்கிழமை?"

"மத்தியானமே படுக்கணும்னு வந்துட்டார். பொழுது சாயறப்போ ரூமைப் பூட்டணும்னு திரும்பப் போனார்."

டாக்டர் திரும்பி வந்து தம்பியின் எதிரே நின்றார். "மச்சான் மேல வேற என்ன புகார்? எல்லாத்தையும் சொல்லு."

முதலாளிக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில் முகம் மலர்ந்தது. "மரியாதை இல்ல. சத்தமா சீழ்க்கை அடிக்கிறான். பொறந்த நாளுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்தான், அது குதிகாலைக் கடிச்சு நடக்க முடியல. வேணும்னே சின்னதா வாங்கியிருக்கான். என் ரூம் ஏசியை விறைக்கிற மாதிரி வச்சுட்டுப் போறான். சனிக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்தா பல்லெல்லாம் கிட்டிப்போச்சு. நானே எழுந்து அணைச்சேன்."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தச் செருப்பைக் கழட்டு."

"எதுக்கு?"

"கடிக்கிற நாய் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதல்ல பாதத்தைத்தான் பார்ப்பேன். கழட்டு."

"அக்கா, நான் நாயா?"

"நாயா இருந்தா சொன்ன பேச்சைக் கேட்டிருக்கும்."

முதலாளி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலின் பித்தவெடிப்பு ஒன்று ஆழமாகப் பிளந்து, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. தொட்டால் சுட்டது. டாக்டர் தம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்தார். கொதித்தது. அவர் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. சின்ன வயதில் இதே நெற்றியைத் தொட்டுப் பார்த்து ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது.

"தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா?"

"கட்டியிருக்கு" என்றார் முதலாளி சின்னக் குரலில். "அதுவும் செருப்பாலதான்னு நினைச்சேன்."

டாக்டர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. குளிர் அறையை அணைச்சது என் தம்பி."

முதலாளி ஒற்றைக் காலில் எழுந்துவிட்டார்.

"நானா? நான் அணைச்சது ஏசி."

"ஏசி எங்கடா இருக்கு? போய்ப் பாரு."

முதலாளி நொண்டிக்கொண்டே போய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஏசி இருந்த இடத்தில் அட்டைப்பெட்டி இருந்தது.

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றான் மச்சான். "சனிக்கிழமை மத்தியானம் நீங்க வீட்டுக்குப் போனப்புறம் மெக்கானிக் வந்து ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போயிட்டார் மாமா. அதோட சுவிட்சை அவரே அணைச்சுட்டார்."

"அப்ப பொழுது சாயுற இருட்டுல எரிஞ்சது ஒரே ஒரு சிவப்பு விளக்கு" என்றார் டாக்டர். "குளிர் அறையோடது. ஏசி இல்லாத ரூம்ல, புழுங்கற சாயங்காலத்துல, இவனுக்குப் பல்லு கிட்டிப்போச்சு. எந்த ஏசியும் இவனைக் குளிர வைக்கல. ஜுரம் ஏறும்போது வர்ற நடுக்கம் அது. எங்கிருந்தோ குளிருதுன்னு நினைச்சு, எரிஞ்ச விளக்கை அணைச்சுட்டு, ரூமைப் பூட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டான். மிச்சத்தை ஓட்டை ரப்பர் பார்த்துக்கிச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை. "அது சரி மேடம். ஆனா ஒரு வாரமா சந்தேகம், சண்டை, யாரையும் பிடிக்கல. அதுக்கும் குதிகாலா காரணம்?"

"உடம்புக்குள்ள கிருமி நுழைஞ்சா உடம்பு சண்டைக்கு நிக்கும். வீக்கம், சூடு எல்லாம் அந்தச் சண்டைதான். அந்தச் சேதி மூளைக்கும் போகும். மூளை உடனே உத்தரவு போடும்: சாப்பிடாதே, விளையாடாதே, மூலையில படு, யாரையும் கிட்ட விடாதே. பசுவுக்கு வந்தா தீனியை விட்டுட்டுத் தனியா நிக்கும். கிட்டப் போனா உதைக்கும். பசு சதி பண்ணுதுன்னு நாம போலீஸைக் கூப்பிடறதில்ல. காலைத் தூக்கிப் பார்க்கிறோம். மனுஷனுக்கும் அதேதான் நடக்குது. ஆனா மனசு ஏன் இப்படிக் கசக்குதுன்னு அவனுக்குப் புரியாது. யாராவது காரணமா இருக்கணும்னு தேடுவான். பக்கத்துல யாரு நிக்கிறானோ அவன் மாட்டிக்குவான்."

எல்லோரும் பக்கத்தில் நின்ற மச்சானைப் பார்த்தார்கள். அவன் துணிப்பையைக் கீழே வைத்தான்.

"ஊசி போடுக்கா" என்றார் முதலாளி.

"என்கிட்ட இருக்கிறது எருமைக்குப் போடற ஊசி. அதைப் பார்த்தா இந்தக் காலோடயே ஓடிடுவ. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சரக்கோட உன்னையும் சேர்த்து அள்ள வேண்டியிருக்கும்."

மச்சான்தான் அவரைத் தோளில் சாய்த்து ஆட்டோவுக்கு அழைத்துப் போனான். இன்ஸ்பெக்டர் புகார்க் காகிதத்தைக் கிழித்தார். டப்பாவை மட்டும் தடயமாக எடுத்துக்கொண்டார்.

வார இறுதியில் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்து முதலாளி சாய்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் திட்டினதெல்லாம் ஜுரம்தானே அக்கா?"

"போன வாரம் திட்டினது ஜுரம். அதுக்கு முன்னால பத்து வருஷம் திட்டினதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

மச்சான் உள்ளே வந்தான். கையில் ஒரு கிண்ணம். அதே கலவை, புதிதாகப் போட்டது. முதலாளி ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். கிண்ணம் காலியாகும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இதையாடா உப்பு சப்பில்லன்னு சொன்னேன்?"

"ஆமா மாமா."

"எல்லார் முன்னாலயும்?"

"எல்லார் முன்னாலயும்தான் மாமா."

முதலாளியின் கண் கலங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்கு வந்ததும் எல்லாரையும் நிக்க வச்சு மன்னிப்புக் கேக்கறேன்டா. உன்னைப் போய் போலீஸ்ல குடுக்கப் பார்த்தேனே. என்ன வேணும் உனக்கு, கேளு. எதுவா இருந்தாலும் கேளு."

மச்சான் கொஞ்சம் யோசித்தான்.

"அந்தக் கதவுக்கு ஒரு ரப்பர் மாமா."

முதலாளி போர்வையைக் கழுத்துவரை இழுத்தார். "அக்கா, எனக்கு மறுபடியும் குளிருது."

டாக்டர் குனிந்து தம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்தார். குளுகுளுவென்று இருந்தது. அந்தக் கை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"ஜுரம் இல்ல" என்றார். "ரப்பரை வாங்கிக் குடு."