மடிச்சூடு

ஒரு முட்டை கவிழ்ந்து கிடந்தது.

விதுர்ஷாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கொழும்புக் கூட்டத்துக்குப் போகுமுன் அத்தனை முட்டைகளையும் கருவைக் கொன்று பதப்படுத்தும் போமலினில் போட்டுவிட உதவியாளர் நல்லரத்தினத்திடம் சொல்லியிருந்தாள். திரும்பி வந்து, தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் ஆய்வுகூடத்தைத் திறந்தால், முட்டைகளுக்குச் சூடேற்றும் அடைப்பெட்டியின் தட்டுகள் வெறுமையாக இருந்தன. போமலின் போத்தல்களிலும் ஒன்றுமில்லை. மூலையில், யாரோ விட்டுப்போன இந்த ஒற்றை முட்டை மட்டும், கருவைப் பார்க்க ஓட்டில் அவள் வெட்டி செலோடேப் ஒட்டிய சிறிய சன்னல் கீழே போக, குப்புறக் கிடந்தது.

சன்னல் எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தாள். கைபேசியில் நல்லரத்தினத்தின் இலக்கத்தைத் தேடிவிட்டுப் பார்த்தபோது, அது மறுபடி கவிழ்ந்திருந்தது.

மின்விசிறிகூட ஓடவில்லை. கல்லடிக் கரையிலிருந்து வந்த உப்புக்காற்று கண்ணாடியை உரசும் சத்தமும், அடைப்பெட்டியின் ஈரச்சூட்டிலிருந்து எழுந்த, இரும்பை நாக்கில் வைத்தது போன்ற ஒரு வாடையும் மட்டுமே அந்த அறையில் இருந்தன. அந்த வாடை புதிது.

இந்த வயதில் கோழிக்கருவால் ஓட்டைப் புரட்ட முடியாது. அதற்கு இன்னும் சிறகே இல்லை. சிறகு முளைக்கும் இடத்தில் ஒரு மொட்டுத்தான். மொட்டுக்குள் தசை பிறப்பதுமில்லை. முதுகின் ஓரத்தில் பிறக்கும் தசையின் உயிர்க்கலங்கள், மொட்டு அனுப்பும் அழைப்பைக் கேட்டு, வரிசையாகப் பயணப்பட்டு அங்கே வந்துசேரும். புறப்படு என்று சொல்ல ஒரு மரபணு. நில் என்று சொல்ல இன்னொன்று. விதுர்ஷா அந்த இரண்டாவதை முடக்கியிருந்தாள். நிற்கத் தெரியாத கலங்கள் எவ்வளவு தூரம் போகும்? அதுதான் ஆய்வு. அதனால்தான் காலம் கடக்குமுன் எல்லாவற்றையும் சாகடித்துவிட வேண்டும்.

முட்டையை விளக்கின் கீழே பிடித்தாள். உள்ளே கரு, சாறு பிழிந்த சக்கையாகக் கிடந்தது. அதன் தசை அதனிடம் இல்லை. செலோடேப்பின் உட்பக்கத்தில் மெல்லிய சிவப்புப் படலமாக ஒட்டியிருந்தது. சுருங்கியது. விரிந்தது. அவளுடைய பெருவிரல் டேப்பின் ஓரத்தில் இருந்தது. படலம் முழுவதும் மெதுவாக அந்த விரலின் சூட்டை நோக்கி நகர்ந்து வந்தது.

போமலினுக்குள் போட்டு மூடியை இறுக்கினாள்.

நல்லரத்தினம் ஐம்பது கடந்த செட்டிபாளையத்துக்காரர். கைபேசியை எடுத்தபோது அவருக்குப் பின்னால் பறை முழங்கியது.

"நல்லரத்தினண்ணன், முட்டையெல்லாம் எங்க?"

"வீட்ட கொண்டுவந்திட்டன் மிஸ். அம்மாள்ட கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கிது. இந்தக் கிழமை ஊருல மீன்கூட வெட்டுறல்ல. நான் எப்பிடி உயிர் எடுக்கிற?"

"ஆரக் கேட்டுக் கொண்டுபோனீங்க? அது என்னெண்டு தெரியுமா உங்களுக்கு?"

"இவ்வளவு காலமும் உங்கட முட்டையச் சாகடிச்சது என்ட கைதானே? அப்ப ஆரும் என்னக் கேக்கல்ல. இந்தக் கிழமை மட்டும் ஏலாதெண்டா குத்தமா?" அவருக்கும் கோபம் ஏறியிருந்தது. "அதோட வீட்டில என்ட மகள் அஜந்தா வயித்தில புள்ளையோட இரிக்காள். ரெண்டாம் மாசம். அந்தப் பாவத்த என்னால சுமக்க ஏலா. அடைக்கோழிக்குக் கீழ வச்சிரிக்கன். பத்திரமா இரிக்கி."

ரெண்டாம் மாசம். மனிதக் கருவில் கைமொட்டு முளைப்பது அப்போதுதான். தசையைக் கூப்பிடுவதும் அப்போதுதான். கோழிக்கும் மனிதனுக்கும் அந்த அழைப்பு ஒன்றே.

"அஜந்தாவ அதுக்குக் கிட்டப் போகவிடாதீங்க! கேக்குதா? அண்ணன்!"

பறைதான் கேட்டது. மறுபடி அழைத்தபோது அவர் எடுக்கவில்லை.

ஸ்கூட்டியை முறுக்கினாள். வலப்பக்கம் வாவி மைமல் இருளில் கறுத்துக்கொண்டே வர, காத்தான்குடிக் கடை வெளிச்சங்களும் ஆரையம்பதி வேலிகளும் பின்னால் ஓட, சேற்று வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்த காற்று முகத்தில் அறைய, வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே போனாள். நல்லரத்தினத்தை. கதவு திறந்த அம்மனை. ஆய்வு முடிவு எங்கே, முடிவு எங்கே என்று கழுத்தைப் பிடித்த தன் பேராசிரியரை. திட்டுவதை நிறுத்தினால் பயம் வந்துவிடும்.

செட்டிபாளையத்து வளவின் படலையைத் தள்ளினாள். வேப்பிலை கட்டிய வாசல். முற்றத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

அடைக்கோழி.

"வாங்க மிஸ், தேத்தண்ணி ஊத்தட்டா?" நல்லரத்தினத்தின் மனைவி சீதேவி சிரித்துக்கொண்டே வந்தாள். "அவர் இன்னும் கோயிலால வரல்ல. உங்கட முட்டை கோழிக்குப் புடிக்கல்ல. ஏறி இருந்த உடன கத்திக்கிட்டு எழும்பி ஓடித்து. படிச்ச முட்டைக்குப் பயந்திட்டாக்கும் எண்டு சிரிச்சம்."

"முட்டை எங்க இப்ப?"

"அஜந்தாட்ட. ஆறினாச் செத்திருமெண்டு, மடியிலயே வச்சிக்கிட்டு இரிக்காள். சொன்னாக் கேக்கிறாளில்ல."

அறைக்குள் அதே இரும்பு வாடை. கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள் அஜந்தா. வயிற்றின் மேல் ஒரு பழைய சேலைப் பொதி. அதன் மேல் இரண்டு கைகளும்.

"எடு அத! கீழ வை! வை எண்டு சொல்றன்!"

விதுர்ஷா பொதியைப் பறித்தாள். பாரமே இல்லை. முட்டைகள் முழுசாக இருந்தன, ஒன்றும் உடையவில்லை. எல்லாச் சன்னல்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. வயிற்றுப் பக்கம். எல்லா டேப்புகளும் ஓரத்தில் கிளம்பியிருந்தன. உள்ளிருந்து.

உள்ளே சக்கை மட்டும்.

"சத்தம் போடாதீங்க மிஸ்." அஜந்தாவின் முகம் பூரித்திருந்தது. "புள்ள அசையுது."

"ரெண்டாம் மாசத்தில!" சீதேவி வாசலில் நின்று சிரித்தாள். "தகப்பனப் போல அவசரம்."

இரண்டாம் மாதத்தில் உதைக்கத் தசை கிடையாது.

விதுர்ஷா சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோலுக்கு அடியில், எறும்புச் சாரியாக, ஒரு துடிப்பு நடந்துகொண்டிருந்தது. கொப்பூழை நோக்கி. பக்கத்தில் இன்னொரு சாரி. அது விலாவிலிருந்து வந்தது. இன்னொன்று தோளிலிருந்து.

அவை முட்டையிலிருந்து வந்தவை அல்ல. முட்டைக் கலங்கள் தொட்ட இடமெல்லாம் அஜந்தாவின் சொந்தத் தசையும் நிற்க மறந்து புறப்பட்டிருந்தது.

"மிஸ்," என்றாள் அஜந்தா. "கை தூக்க ஏலாம இரிக்கி."

கை கட்டிலில் விழுந்தது. தோளிலிருந்து விரல்வரை வெறும் தோல். எலும்பின் மேல் ஈரத்துணி போல.

சீதேவியின் சிரிப்பு நின்றது.

சாரி நிற்கவில்லை. தொடையிலிருந்து. கழுத்திலிருந்து. கன்னத்திலிருந்து. அஜந்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தாடை இறங்கியது. மூடவில்லை. கண் மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

வயிறு உதைத்தது. பலமாக. மறுபடியும்.