இருபத்து நாலு வயதுக்காரியின் சம்மதம்

பூமிக் கப்பலின் சங்கு அலறியது. இன்னும் சற்று நேரத்தில் கதவை அடைத்துவிடுவார்கள். திலகவதி நிலாக் குடியேற்ற அதிகாரி அருளப்பனின் எதிரே மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"இந்தக் கப்பலை விட்டா அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சுத்தாம்மா. அதுக்கப்புறம் உங்க எலும்பு பூமியோட இழுப்பைத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒன்பது வருஷமா என்ன பண்ணீங்க?"

"அவகிட்ட பேசணுமே சார். நெனச்சாலே உடம்பு கூசுது."

'அவள்' என்றது தன்னுடைய முன்மனத்தை. நிலாவில் நிரந்தரமாகக் குடியேறக் கையெழுத்திடும் நொடியில், அவரவர் மனத்தை அப்படியே படியெடுத்துப் பேழையில் வைத்துவிடுவார்கள். பின்னால் முடிவை மாற்ற வேண்டுமானால் அந்தப் படி சம்மதிக்க வேண்டும். தெளிவாக இருந்தவள் எடுத்த முடிவைக் களைத்துப்போனவள் கலைத்துவிடக் கூடாது என்பது சட்டம்.

சுரங்கத் தூசி நெஞ்சில் கட்டியபோதும், தண்ணீர்ப் பங்கு பாதியானபோதும் திலகவதி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது சட்டத்துக்குப் பயந்தல்ல. அந்த இருபத்து நாலு வயதுக்காரியின் முன்னால் தோற்றவளாக நிற்க வெட்கம்.

அருளப்பன் பேழையை இயக்கினார். திரையில் இளைய திலகவதி கண் விழித்தாள்.

"ஐயோ, இது நானா? முடியெல்லாம் கொட்டிப்போச்சே அக்கா!"

"வாயாடாம கேளுடி."

மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் திலகவதி ஒப்பித்தாள். இருமல், முழங்கால், ஜன்னலே இல்லாத அறை. பிறகு திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னால முடியல. ஊருக்குப் போறேன். சரின்னு சொல்லு."

"சரி."

பச்சை விளக்கு எரிந்தது. "சம்மதம் ஆயிடுச்சு, ஓடுங்கம்மா!" என்றார் அருளப்பன்.

திலகவதி எழுந்திருக்காமல் திரைப் பக்கம் குனிந்தாள்.

"அவ்வளவுதானா? நீ ஆசைப்பட்டுத்தானேடி இங்க வந்தே? எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் ஞாபகம்."

"ஆசையா? என்னைக் கேக்காமலே நான் நிலாவுக்குப் போறேன்னு மாமா தெருமுனையில ஃப்ளெக்ஸ் வச்சுட்டாரு. தெருவே சால்வை போத்துச்சு. வேணாம்னு சொல்ல வாய் வரல. எப்படியும் அடுத்த மாசமே நீங்க வந்து கேப்பீங்க, சரின்னு சொல்லிடலாம்னு நம்பித்தான் அக்கா கையெழுத்தே போட்டேன்!"