நான்காம் அறைச் சாப்பாடு

கரண்டி தரையில் விழுந்தது. சாவியக்கா திரும்பிப் பார்த்தாள்.

கரண்டி விழுந்தால் யாரும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் சாவியக்காவுக்குக் காது கேட்டுப் பத்து வருஷம் ஆகிறது. கரண்டி விழுந்ததோ அவள் முதுகுக்குப் பின்னால்.

கல் தரை அதிர்ந்திருக்கும், அது பாதத்தில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு குனிந்து எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த டீச்சர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியக்கா அந்தக் கரண்டியைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள், வேறெங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் கட்டடத்தில் ஒன்பது அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கருநாக்கு. சபிக்கிறவர்கள், மந்திரம் போடுகிறவர்கள் என்றெல்லாம் வெளியே கதை கட்டுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் தங்களுக்கு இருப்பதைச் சொன்னால் அது கேட்டவர் உடம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு போகாது. இரண்டாம் அறைத் தச்சன் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, முட்டி வலிக்கிறது என்று பெண்டாட்டியிடம் அலுத்துக்கொண்டான். அன்றைக்கு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான்காம் அறை டீச்சர் ஒரு மத்தியான வகுப்பில், "தலை வலிக்குது பிள்ளைங்களா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். நாற்பத்தொரு பிள்ளைகள் கேட்டார்கள். மூன்று பேர் சுவரில் மோதி மோதியே செத்துப்போனார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள், இருந்து என்ன பிரயோஜனம்.

அதனால்தான் வாய்ப்பூட்டு. முகத்தைச் சுற்றி ஒரு தோல் வார், வாய்மேல் தகர மூடி, உள்ளே நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு தகடு, நடுவில் தண்ணீர் விட ஒரு சிறு துளை, பிடரியில் பூட்டு. மூன்று வேளையும் சாப்பாட்டுக்காக இருபது நிமிஷம் திறப்பார்கள். திறக்கிறவர்கள் செவிடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலைக்குச் சேரும் அன்றே மருந்து ஊற்றிச் செவிடாக்கிவிடுவார்கள். ஒரு வாய்க்கு ஒரு சாவி, ஒரு சாவிக்கு ஒரு ஆள். சாவியக்கா ஏழு மாதக் கர்ப்பிணியாகச் சேர்ந்தாள். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தான், இங்கேயோ குடியிருக்க வீடும் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பள்ளியில் இடமும் கொடுத்தார்கள். காதைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். பெற்ற மகளின் குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கரண்டி விழுந்த மூன்றாம் நாள் குழாய் சொட்டுவது கேட்டது. நான்காம் நாள் தன் செருப்பு, கழுத்தில் தொங்கிய சாவி சங்கிலியில் உரசுவது, தாழ்வாரத்தின் கோடியில் யாரோ வாளியைத் தரையோடு இழுத்துப்போவது, பிறகு இரவில் படுத்தால் தலையணைக்குள் தன் ரத்தமே ஓடும் சத்தம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சந்தோஷப்பட வேண்டியவள் வியர்த்துப்போனாள். காது திறந்துகொண்ட ஊழியரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். இரண்டாவது ஊற்று ஊற்றுவார்கள். அது காதோடு நிற்காது, உள்ளே இறங்கும். முற்றம் பெருக்குகிறவன் அப்படி ஊற்றப்பட்டவன்தான். எந்தக் காலை முதலில் வைப்பது என்று நின்று யோசிப்பான். பெண்டாட்டி வந்து சோறு ஊட்டினால் யாரென்று தெரியாமல் கும்பிடுவான்.

ஐந்தாம் நாள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிசாக, லேசாக மூக்கடைத்து, வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் ஏறி இறங்குகிற குரல். மகள் குட்டி பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"சத்தமாவே சொல்லு, பரவால்ல. எங்கம்மா டமாரம். பக்கத்துல நின்னு திட்டினாக்கூடத் தெரியாது."

இரண்டும் சிரித்தன. சாவியக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் மடித்த சட்டையை உதறிவிட்டு மறுபடி மடித்தாள், அதையும் உதறினாள், அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று. டமாரம் என்று இன்னொரு தரம் சொன்னாலும் சரி. இதை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலை டீச்சரின் பூட்டைத் திறந்தாள். எப்போதும் போல இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்து, வலது கையால் தகட்டை வெளியே உருவினாள். டீச்சரின் உதடு அசைந்தது. பத்து வருஷமாகத் திறந்த உடனே அசையும் அதே அசைவுதான், மூன்று வேளையும் மாறாத அசைவு. இவள் சபிக்கிறாள் என்றுதான் சாவியக்கா நினைத்திருந்தாள். இன்றைக்குத்தான் அது வார்த்தையாகக் காதில் விழுந்தது.

"எனக்குக் காது கேக்குது. நல்லா கேக்குது."

இப்போது புரிந்தது. டீச்சர் தனக்கு இருக்கும் காதைத்தான் பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி இவளுக்குக் கொடுத்திருக்கிறாள். தாடையைப் பிடிக்கையில் கையுறை போட வேண்டும் என்பது விதி. தடித்த கம்பளிக் கையுறை அது, வார் அறுத்த புண்ணில் உரசினால் டீச்சர் துடித்துப்போவாள். பார்க்கச் சகிக்காமல் முதல் மாதமே சாவியக்கா அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாள். அந்தக் கட்டடத்தில் அவள் செய்த ஒரே ஒரு இரக்கம் அதுதான். குரல் எலும்பிலிருந்து எலும்புக்கு, விரல் வழியாக, பத்து வருஷம் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது.

பழக்கத்தில் கை ஒரு கவளத்தை ஊட்டியது. சாவியக்காவின் முகம் மாறியதை டீச்சர் பார்த்துவிட்டாள். கண் நிரம்பிவிட்டது.

"கேக்குதா? பயப்படாதீங்கம்மா. என் வலி எதையும் சொல்லமாட்டேன், சத்தியமா. சும்மா ரெண்டு வார்த்தை பேசணும், அவ்வளவுதான். யாராவது ஒருத்தர் கேட்டா போதும்னுதான்..."

"பேசாத."

அது தன் குரல்தான் என்று தெரிய சாவியக்காவுக்கு ஒரு கணம் பிடித்தது. துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது. டீச்சரின் வாயில் பாதி மென்ற கவளம் இருந்தது. அதோடு சேர்த்தே தகட்டைச் செருகினாள், மூடியை அழுத்தினாள், வாரை இழுத்துப் பூட்டினாள். சாவி இரண்டு முறை தவறியது.

ஒரு தும்மலோடு, ஒரு முனகலோடு வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால்? முதுகு பிடித்திருக்கிறது என்றால்? செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால்? காதில் பஞ்சு வைக்கலாம்தான், ஆனால் செவிடி எதற்குப் பஞ்சு வைக்கிறாள் என்று முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஆக, டீச்சரின் வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. நல்ல மனுஷிகளுக்குக் கூட இவ்வளவு சீக்கிரம் வழி கிடைத்துவிடுகிறது.

மத்தியானம் தட்டோடு போனாள். துளை வழியாகத் தண்ணீர் விட்டாள். சாப்பாட்டை என்ன செய்வது என்று யோசித்தாள். சாக்கடையில் கொட்டினால் எறும்பு காட்டிக்கொடுக்கும். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தானே சாப்பிட்டாள். காலித் தட்டு வந்தால் சமையலறையில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கைதிகளின் எடையைப் பார்க்கும் டாக்டர் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

காதுச் சோதனை நாள் வந்தது. மாதம் ஒருமுறை முன்கட்டடத்தில் சூப்பிரண்டு நடத்துவது. மணி அடித்துப் பார்ப்பது, தட்டைப் போட்டு உடைப்பது எல்லாம் பழைய காலம். பிள்ளை உள்ளவர்களுக்குப் பிள்ளையைத்தான் கூட்டிவருவார்கள். சாவியக்காவைச் சுவரைப் பார்த்து நிறுத்தினார்கள். பின்னால் குட்டியின் செருப்புச் சத்தம். சூப்பிரண்டின் நாற்காலி நகர்ந்தது. அப்புறம் குட்டி வீறிட்டாள்.

"ஐயோ, கிள்ளாதீங்க சார்! அம்மா! அம்மா!"

மகள் தன்னைக் கூப்பிடுவதை முதல்முறை கேட்கிறாள். சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் அசையவில்லை, தோள் அசையவில்லை. குட்டி மறுபடியும் வீறிட்டாள். இவள் நின்றாள். கடைசியில் சூப்பிரண்டு தோளைத் தொட்டுத் திருப்பி, சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "தேர்ச்சி. பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறோம்."

அதையே தாங்கியவளுக்கு நான்காம் அறையைத் தாங்குவதா கஷ்டம். மூன்று வேளையும் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். முதல் நாட்களில் டீச்சர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள், பிறகு தகர மூடியைச் சுவரில் தட்டினாள், டக், டக் என்று, கட்டடத்து ஊழியர்களில் அதைக் கேட்கிற ஒரே ஆள் நான்கடி தூரத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். கஷ்டமாகத்தான் இருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். தண்ணீர் கொடுக்கிறேனே என்று சொல்லிக்கொள்வாள். சாயங்காலம் வீட்டுக்கு ஓடிப்போய்க் குட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் பாடம் ஒப்பிப்பதைக் கண்ணை மூடிக் கேட்பாள். எல்லாம் சரியாகிவிடும்.

சாப்பாடு நின்ற பதினெட்டாம் நாள் மத்தியானம். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தட்டுவது நின்று நாலு நாள் ஆகியிருந்தது. அறையில் புளித்த துணியின் நாற்றமும், அதற்குக் கீழே பழுத்து அழுகப்போகும் பழம் மாதிரி ஒரு தித்திப்பான நாற்றமும் இருந்தன. ஜன்னல் கம்பிகளின் நிழல் கட்டிலில் விழுந்து, போர்வைக்குள் உடம்பு இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி தட்டையாகக் கிடந்தது. சாவியக்கா தலையைக் குனிந்து, தான் மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

வேறொரு சத்தம்.

தகரம் எலும்பில் வழுக்கும் சத்தம்.

டீச்சர் திரும்பியிருந்தாள். பத்து வருஷமாக ஒரே துளையில் மாட்டிய வார். முகம்தான் அந்த அளவில் இல்லை. கன்னம் இல்லை. தாடை பாதியாகிவிட்டது. வார் நழுவி, மூடி மோவாய்க்குக் கீழே, கழுத்தில் தொங்கியது. தகடு வெளியே வந்துவிட்டது. உதடு வெடித்துத் தோல் உரிந்த வாய், திறந்திருந்தது.

சாவியக்கா காதைப் பொத்தக் கையைத் தூக்கினாள். கையில் தட்டு இருந்தது.

"பசிக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. பழி வாங்கச் சொன்ன மாதிரியும் இல்லை. தூக்கத்தில் பிள்ளை சொல்வது போல, மெதுவாக. அவ்வளவுதான். டீச்சரின் கண் திறந்தபடி நின்றுவிட்டது.

சாவியக்கா தட்டில் மிச்சம் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டாள். போதவில்லை. தட்டை நக்கினாள். சமையலறைக்கு ஓடினாள். மற்ற எட்டு அறைகளிலிருந்தும் வந்த எச்சில் தட்டுகள், கழுவும் தொட்டியில். அள்ளினாள். பாத்திரம் தேய்க்கிறவள் கையை ஆட்டி என்னவோ கேட்டாள். அதற்குள் முற்றம் தாண்டிவிட்டாள். வீடு. பானையில் இருந்தது. டப்பாவில் மாவு, பச்சையாகவே. எண்ணெய். உப்பு. மெழுகுவத்தி. வயிறு முரசு மாதிரி விம்மி, தோல் கிழிகிறாற்போல வலித்தது. பசி அங்கே இல்லை. பல்லில் இருந்தது. ஈறில், நாக்கின் அடியில், தொண்டைக் குழியில் இருந்தது. வாந்தி எடுத்தாள். அதையும்...

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். பள்ளி விட்டாயிற்று.

குட்டி முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே உள்ளே வந்தாள், பாட்டு பாதியில் நின்றது. தரையெல்லாம் மாவு. நடுவில் அம்மா.

பையைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்து, கையால் கேட்டாள்: என்னாச்சு? உடம்பு சரியில்லையா?

ஓடு என்று காட்ட சாவியக்கா கையைத் தூக்கினாள். ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்துகொண்டது. கை குட்டியின் மணிக்கட்டைப் பிடித்தது. சின்ன மணிக்கட்டு, வெயிலில் நடந்து வந்த சூடு, சோப்பு வாசனை, பென்சில் வாசனை. தோலுக்கு அடியில் நாடி அடிப்பதுகூட அவளுக்குக் கேட்டது.

குட்டி முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

"விடும்மா. கூசுது."

அப்புறம், "அம்மா, வலிக்குது."

அப்புறம் வார்த்தை இல்லை. அந்தக் குரலில் இத்தனை ஏற்றமும் இத்தனை இறக்கமும் உண்டென்று சாவியக்காவுக்கு இதுவரை தெரியாது. எல்லாவற்றையும் துல்லியமாகக் கேட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை. கண்ணீர் வழிந்து மகளின் கையில் சொட்டியது. பல் மட்டும் விடவில்லை.