கூந்தல் முடிச்சு

டீ டம்ளரின் சூடு குமுதவல்லியின் இடது கைக்குத் தெரியவில்லை. ஆவி பறந்தது, விரல்கள் சிவந்தன. கை மட்டும் யாரோ அவள் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போலக் கிடந்தது.

"வுடும்மா, வெந்துடப் போவுது!" சமையல்காரி மஹ்பூபி டம்ளரைப் பிடுங்கினாள். "இது இன்னா, கையா கரண்டியா?"

"மார்கழிக் குளிர். மரத்துப் போயிருக்கும்," என்றான் கோதண்டபாணி.

அவன் மதராஸ் வக்கீல். சிற்பமும் சாப்பாடும் நன்றாக இருக்கிற ஊராகப் பார்த்து, வருஷா வருஷம் குளிர்காலத்தில் மனைவியை அழைத்துப் போவான். இந்தத் தடவை வேலூர்க் கோட்டைக் கோயில் தூண்களைப் பார்த்து முடித்து, பிரியாணிக்காக ஆம்பூர் வந்து, தோல் வியாபாரி அப்துல் ஹமீதின் காலி பங்களாவில் இறங்கியிருந்தார்கள். வந்த இடத்தில் அவனுக்கு ஓர் ஆசை முளைத்தது. குமுதவல்லியின் ஜாடையில் ஒரு தோல்பாவை வேண்டும். கடைவீதியில் கூத்து நடத்திய மூர்த்தியை அழைத்துவந்து பின்தாழ்வாரத்தில் உட்கார்த்திவிட்டான்.

பாவை செய்வது பொறுமை கேட்கிற வேலை. ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரை வழித்து, விளக்கு வெளிச்சம் ஊடுருவும் வரை சுரண்டி, இழுத்து ஆணியடித்துக் காயவைக்க வேண்டும். உருவத்தை ஒரே துண்டாக வெட்டினால் அது பலகைபோல் விறைத்து நிற்கும். அதனால் கை தனி, கால் தனி, தலை தனி. துளைபோட்டு நரம்பைக் கோத்து, இருபுறமும் முடிச்சிட்டு, நடுவில் துளி தளர்வு விட வேண்டும். அந்தத் தளர்வில்தான் பாவை ஆடும். ஆனால் கோதண்டபாணிக்கு ஆட்டு நரம்பு பிடிக்கவில்லை. குமுதவல்லியின் சீப்பில் உதிர்ந்த கூந்தலையே முறுக்கிக் கட்டச் சொன்னான்.

முதல் நாள் மூர்த்தி கட்டியது இடது கையை.

அடுத்தது கால்கள். அன்று குமுதவல்லி நடந்தாள், தரைதான் தட்டுப்படவில்லை. அவள் தடுமாறுவதைப் பார்த்த மூர்த்தி ஊசியைக் கீழே வைத்தான்.

"இத்த நான் முடிக்க மாட்டேன், சாமி. கட்டாத வரைக்கும் அது வெறும் தோலு. அம்மாவைப் பாருங்க."

"பயமா இருந்தா போய்யா. நீ முடிச்சுப் போட்டதைத்தான் பார்த்துட்டேனே."

மூர்த்தி பாவையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். வலது கையும் தலையும் மிச்சம். குமுதவல்லி சீப்பில் இருந்த முடியை எல்லாம் அடுப்பில் போட்டாள். அந்த நாற்றம் அடங்குவதற்குள் மஹ்பூபியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி ரயிலுக்கே போய்டறேன். ஒரு ஜட்கா வண்டி கூட்டிட்டு வா, மஹ்பூபி."

மஹ்பூபி தாழ்வாரத்து அடுப்பில் பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். முக்கால் பதம் வெந்த சோறு கறியின்மேல் இருந்தது. ஆவி வெளியேறாதபடி மூடியின் விளிம்பை மாவால் அடைத்து, மேலே கங்குகளைக் கொட்டியிருந்தாள். வாசலில் செருப்பொலி தேய்ந்து மறைந்தது. பக்கத்துத் தோல் கிடங்கில் ஊறப்போட்ட தோலின் வாடையும், அதைப் பதனிடும் ஆவாரம்பட்டையின் துவர் நெடியும் பனியோடு சேர்ந்து தாழ்வாரத்துக்குள் இறங்கின. தம் சட்டிக்குள் ஏதோ மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

கோதண்டபாணி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான்.

"தலை சிக்கு விழுந்து கிடக்கு. ஒரு கையை வச்சிக்கிட்டு நீ எப்படிடி வாருவே? இப்படி அடுப்போரமா உட்காரு, குமுதா."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவள் சீப்பைத் தொட்டதில்லை. இன்று உச்சியில் எண்ணெய் வைத்து, சிக்கு வலிக்காமல் நுனியிலிருந்து பிரித்து, காதோர மயிரை ஒதுக்கி, குழந்தைக்குச் செய்வதுபோல் வாரினான். மனம் மாறிவிட்டான் என்று எண்ணி அவள் அழுதாள். அவன் கண்ணைத் துடைத்துவிட்டான். பின்னல் முடிந்ததும் சீப்பில் இருந்ததை விரலில் சுற்றிக்கொண்டு எழுந்தான்.

"ஏங்க... அது வேணாங்க."

அவன் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போனான்.

அங்கே வேட்டியைக் கட்டிய திரை. அதன் பின்னே விளக்கு. அவள் எழுந்து ஓடப் பார்த்தாள். கால் இருந்தது. பாவை அவன் கைக்குப் போனதும் நடை இல்லை. வலது கை செத்தது. பிறகு கழுத்து.

தலை தானாகத் திரும்பித் திரையைப் பார்த்தது.

திரையில் அவள் நிழல். மூங்கில் குச்சி அசைந்தது. நிழலின் கை எழுந்தது. அவள் கையும் எழுந்தது.

கோதண்டபாணி திரை ஓரமாக எட்டிப் பார்த்தான். பாவையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி குச்சியை அசைத்தான். அவன் முகத்தில் பயமில்லை. ஆவல்.

"தம் ஆயிடுச்சான்னு பாரேன்," என்றான், மெதுவாக.

குச்சி தாழ்ந்தது.

அவள் கை மூடிமேல் இருந்த கங்குக்குள் போனது. விரல் விரித்துத் துழாவியது. வளையல் வெடித்தது. வலிக்கவில்லை. கறி வாசனையில் வேறொரு வாசனை கலந்தது. கத்த வேண்டும். உதடு பிரியவில்லை. பாவைக்கு மூர்த்தி வரைந்த சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

திரையில், நிழலின் விரல்கள் தீயில் காட்டிய தோல்போல் ஒவ்வொன்றாகச் சுருண்டன. இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கோதண்டபாணி விளக்குத் திரியை ஏற்றினான்.