வலது பொத்தானில் ஒட்டிய டேப்

வக்கீலின் குமாஸ்தாவுக்கு ஆபீசில் 'அவசரம்' என்று பெயர். கட்சிக்காரர் நாற்காலியில் உட்காருவதற்குள் குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவார். அன்று காலை வந்த பெண்ணின் இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்ததைப் பார்த்ததும் அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளை அழைத்து வந்த அண்ணன் கதவோரமே நின்றுகொண்டான். அதே தொழிற்சாலையில் அவன் மெக்கானிக்.

அவள் ஓட்டியது தகடு வெட்டும் மெஷின். இடுப்பு உயரம்தான் இருக்கும். அதன் மேல் உள்ள இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் கத்தி இறங்கும்; கை உள்ளே மாட்ட வழியே இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க அவளே ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்தாள், பாதுகாப்பைத் தானே கெடுத்தவளுக்கு நஷ்டஈடு கிடையாது என்று நிர்வாகம் கடிதம் அனுப்பியிருந்தது. விபத்து நடந்த அரை மணியில், டேப்போடு மெஷினை முன்பக்கமிருந்து எடுத்த போட்டோவும் கூடவே இருந்தது.

"நான் ஒட்டல சார். வெட்டுன தகட்டை எடுக்கக் கையை உள்ள விட்டேன், அது தானா இறங்கிடுச்சு. யாரும் நம்பல. எங்க வீட்டுக்காரர்கூட, நீதான் ஒட்டியிருப்பியோன்னு கேட்டுட்டாரு."

அவள் போட்டோவை வக்கீல் பக்கம் நகர்த்தினாள்.

"சூப்பர்வைசர் வேலைதான் சார் இது," என்றார் அவசரம்.

வக்கீல் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்படி வந்து உட்காருய்யா. இந்த மைப்பெட்டி இடது பொத்தான், அந்தப் பூட்டு வலது பொத்தான். எதுல டேப் இருக்கு?"

"வலதுல சார்."

"அப்போ மெஷினை ஓட்டு."

அவசரம் இடது கையால் மைப்பெட்டியை அமுக்கினார். வலது கைதான் சும்மா இருந்தது. உள்ளே மாட்டுவதென்றால் அதுதான் மாட்டியிருக்க வேண்டும். அவருக்குச் சுருக்கென்றது. "வலது கையைக் குறுக்க நீட்டி இடதை அமுக்கியிருந்தா?"

"சீக்கிரம் முடிக்கணும்னு நினைக்கிறவ நாள் பூரா கையைக் குறுக்க நீட்டிக்கிட்டா வேலை செய்வா? அடிபடும்போது டேப்பே இல்லய்யா. அப்புறம்தான் ஒட்டியிருக்காங்க. இடது கைன்னு தெரிஞ்சு இடது பொத்தான்லதான் ஒட்டியிருக்காங்க. ஆனா எதிர்ப்பக்கம் நின்னு ஒட்டுனவனுக்கு அது இடது, இவளுக்கு வலது." வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "மெஷினுக்குப் பின்னால யாரும்மா நிப்பாங்க?"

"பின்பக்கம் மூடியைக் கழட்டி ரிப்பேர் பாக்குறவங்க மட்டும்தான்..."

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். கதவோரம் நின்றவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"தானா இறங்குதுன்னு அடிபடுறதுக்கு முந்தின வாரமே சொன்னேன் சார். கேக்கல. மெஷின் சரியா இருக்குன்னு எங்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டாங்க. அடிபட்ட அன்னிக்கு மேனேஜர் வந்து, உன் கையெழுத்துதான் இருக்கு, ஜெயிலுக்குப் போறியான்னாரு. பின்னால திறந்து பாத்துக்கிட்டு இருந்தவன் அப்படியே எட்டி ஒட்டிட்டேன்."

"என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பவாண்ணா?"

"ஆமாம்மா."

அவசரம் தலையைக் குனிந்துகொண்டார். கண்டுபிடித்ததில் இப்படி ஒரு வேதனை இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"நீ இதை எழுதிக் கொடுத்தா உன் தங்கச்சிக்குச் சேர வேண்டியது சேரும்," என்றார் வக்கீல் நிதானமாக. "ஆனா உன் மேலயும் கேஸ் வரலாம். நான் அவளுக்குத்தான் வக்கீல். முதல்ல உனக்குன்னு ஒருத்தரைப் பாத்துக் கேட்டுக்கோ."

"கேக்க என்ன சார் இருக்கு." அவன் எழுந்து வந்து பேனாவை எடுத்தான். விரல்கள் நடுங்கி ஒரு எழுத்துகூட நேராக விழவில்லை. பேப்பரைத் தங்கையின் பக்கம் நகர்த்தினான்.

"நான் சொல்லச் சொல்ல நீ எழுதும்மா. கையெழுத்து மட்டும் போட்டுடறேன்."

அவள் அவனைக் கோபமில்லாமல் பார்த்தாள்.

"நான் எழுதுற கைதாண்ணா போச்சு."