உயிர்வரி

காலை ஒன்பது மணிக்கு மாசிலாமணி குறிவாங்கியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை நிற வண்டியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அரியமங்கலம் பழைய வண்டிச் சந்தையில் பதினேழு ஆண்டுகளாக அவர் வரலாறு வாசிப்பவர். வாங்க வந்தவர் பக்கத்தில் நிற்க, ஒவ்வோர் உறுப்பிலும் உள்ள குறியின் மேல் குறிவாங்கியை வைத்து, திரையில் எழும் ஏட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்டு முடித்ததும் வாங்குபவர் அந்த உறுப்பின் மேல் கையை வைத்து ‘கேட்டேன்’ என்று சொல்வார். அப்போதுதான் உத்தரவாதம் பிறக்கும்.

அன்று வந்திருந்தவர் ரெஜினா. லால்குடியைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்குப் பிரசவம் பார்க்கும் செவிலி. அவருடைய வண்டி போன வாரம் நடுவழியில் நின்றுபோய், வலி கண்ட பெண்ணை டிராக்டரில் ஏற்றி வரும்படி ஆகிவிட்டது. இன்றைக்கே ஒரு வண்டி வேண்டும் என்று பையும் கையுமாக வந்திருந்தார்.

“மூணு மணி நேரம் ஆகும்மா. நாற்காலி போடச் சொல்லட்டா?”

“பதினாறு மணி நேரம் நின்னு பிரசவம் பாத்தவ சார் நான். நீங்க படிங்க. ஒரு வரி விடாம படிங்க.”

புது உலோகம் வார்ப்பதைத் தடை செய்து ஒரு தலைமுறை ஆகிறது. இப்போது சாலையில் ஓடும் எந்த வண்டியும் ஒரே வண்டி அல்ல. ஒன்றின் கதவு, ஒன்றின் அச்சு, இன்னொன்றின் மின்கலம். உடைந்த வண்டிகளின் உருப்படியான உறுப்புகள் பொதுக்கிடங்குக்குப் போய், செப்பனிடப்பட்டு, மாநிலத்தின் ஏதோ ஒரு மூலையில் வேறொரு வண்டியில் ஏறும். ஏடும் கூடவே போகும். எப்போது பராமரித்தார்கள், யார் தவறவிட்டார்கள், எங்கே மோதியது, எல்லாம் அதில் உண்டு.

மின்கலம் முடிந்தது. இடப்பக்கக் கதவின் ஏட்டை மாசிலாமணி படித்தபோது ரெஜினா சிரித்தார்.

“கதவுக்கு மட்டும் அஞ்சு வண்டியா? என்னைவிட அதிகமாக் குடிமாறியிருக்கு.” கையை வைத்தார். “கேட்டேன்.”

அடுத்தது முன்சக்கரத் தடையலகு, அதாவது பிரேக். மாசிலாமணி குனிந்து குறிவாங்கியை வைத்தார். திரையில் முதலில் எண் வந்தது. கடைசி நான்கு இலக்கங்கள் 7714. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை.

நான்கு ஆண்டுகளாக அவர் பயந்துகொண்டிருந்த எண் அது, அவருடைய பழைய வண்டியின் பிரேக் எண். விபத்தில் இறந்தவரின் வீட்டார் விரும்பினால் உறுப்புகளின் ஏட்டை வாங்கிப் படிக்கலாம். அவர் வாங்கவில்லை. பிரேக் பராமரிப்பு நாள் கடந்துவிட்டது என்று விபத்துக்கு முன் அவர் மனைவி வேதவல்லி மூன்று முறை நினைவூட்டியிருந்தாள். அவர் ஒரு காலை வண்டியில் ஏறிப் பெடலை மிதித்துப் பார்த்து, நன்றாகத்தான் பிடிக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னார். ஊரார் வண்டியை ஏட்டை வைத்து மட்டுமே எடைபோடுகிறவர், தன் வண்டிக்குத் தன் காலே போதும் என்று நம்பினார். பன்னிரண்டு நாள் கழித்து வேதவல்லி தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை.

தேநீரோடு வந்த கமருதீன் திரையைப் பார்த்தார். சந்தையின் உரிமையாளர், வேதவல்லியைச் சுமந்த நாலு பேரில் ஒருவர். வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“மணிண்ணே, எந்திரிங்க. இதத் தாண்டிப் போயிருங்க. ஒரு அலகுதானே.”

“ஒண்ணு விட்டாலும் மொத்த வண்டிக்கும் உத்தரவாதம் செல்லாது பாய். இந்தம்மா ராத்திரி பகல்னு பாக்காம ஓட்டப் போறவங்க.”

“அப்பக் கழட்டிக் கெடங்குக்கு அனுப்பிருவோம். வேற மாட்டி நாளைக்குத் தருவோம்.”

அது நேர்மையான வழிதான். ஆனால் கிடங்குக்குப் போன அலகு அங்கேயே கிடக்காது. தஞ்சாவூரிலோ தருமபுரியிலோ இன்னொரு முக்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், தேநீர் ஆறிவிடுமே என்ற அவசரத்தில் வேதவல்லியின் பெயரைப் படித்துவிட்டு அடுத்த உறுப்புக்குப் போவார். மாசிலாமணி தலையசைத்து மறுத்தார். கமருதீன் அங்கிருந்து போகாமல் தூணோரம் நின்றுகொண்டார்.

“முன்சக்கரத் தடையலகு,” என்று மாசிலாமணி தொடங்கினார். “இது மூன்றாவது வண்டி. இரண்டாவது வண்டியில் பராமரிப்பு நாற்பத்தொரு நாள் பிந்தியது. உரிமையாளர், மாசிலாமணி, பொன்மலை.”

ரெஜினாவின் பார்வை அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்வில்லைக்குப் போய்த் திரும்பியது.

“விபத்து, சமயபுரத்துக்கு வடக்கே, மாலை நான்கு இருபது. குறுக்கே சரக்கு வண்டி. பெடல் முழுமையாக மிதிக்கப்பட்டது. பிடிமானம் அரை வினாடி தாமதம்.” அடுத்த வரி அவர் இதுவரை அறியாதது. குரல் தானாக மெதுவாயிற்று. “கிடங்கின் கணிப்பு. தாமதம் இல்லாதிருந்தாலும் மோதல் நிகழ்ந்திருக்கும். மோதிய வேகம் பதினான்கு கிலோமீட்டர் குறைந்திருக்கும்.”

அடுத்து வருவது உயிர்வரி. உயிர் போன விபத்தில் இருந்த உறுப்பானால் போனவர் பெயரைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்த வரியோடு வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

“உயிர்வரி. வேதவல்லி. வயது ஐம்பத்திரண்டு.”

வெளியே சாலையில் ஒரு பேருந்து நின்று ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பியது.

“அந்தப் பதினாலுல பொழச்சிருப்பாங்களா சார்?” என்று ரெஜினா கேட்டார்.

“அது ஏட்டுல இல்லம்மா.”

“நீங்க...”

“நான்தான். அவ என் சம்சாரம்.”

ரெஜினா பையைத் தரையில் வைத்தார். அவர் கையில் எத்தனையோ தாய்மார்கள் பிழைத்திருப்பார்கள். சிலர் பிழைக்காமலும் போயிருப்பார்கள். அவர் அந்தத் தடையலகையே உற்றுப் பார்த்தார்.

“இப்ப எப்படியிருக்கு இது?”

மாசிலாமணி கடைசி வரிகளைப் படித்தார். கிடங்கில் உள்பாகங்கள் மாற்றப்பட்டுள்ளன. சோதனை நாற்பது முறை. தாமதம் இல்லை.

“ஏட்ட விடுங்க. நீங்க சொல்லுங்க. வலி கண்ட புள்ளையப் பின்சீட்டுல போட்டுக்கிட்டு இத நம்பி ஓட்டலாமா?”

மாசிலாமணி குறிவாங்கியைக் கீழே வைத்தார். எழுந்து, வண்டிக்குள் குனிந்து, பெடலைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“ஓட்டலாம். ஆறாயிரம் கிலோமீட்டர் ஆனதும் இங்க கொண்டாந்துரணும். அப்ப மிதிச்சுப் பாப்பீங்க, நல்லாத்தான் பிடிக்குதுன்னு தோணும். அத மட்டும் நம்பாதீங்கம்மா.”

ரெஜினா குனிந்து தடையலகின் மேல் கையை வைத்தார். மற்ற உறுப்புகளின் மேல் வைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அது அங்கே இருந்தது.

“கேட்டேன்,” என்றார்.

மீதி உறுப்புகளை வாசித்து முடிக்க மதியமாகிவிட்டது. வண்டி கிளம்பி வாசலை எட்டியபோது தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே வந்தது. மாசிலாமணி முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். வெள்ளை வண்டி சத்தமில்லாமல் நின்றது. லாரியைப் போகவிட்டு, இடப்பக்கம் திரும்பி லால்குடிச் சாலையில் மறைந்தது.

அவர் உட்கார்ந்து வாசிப்புச் சான்றில் விரலை ஒற்றினார். திரையில் 7714இன் ஏடு தன்னை ஒரு வரி நீட்டிக்கொண்டது. இனி அந்த அலகு எந்த ஊருக்குப் போனாலும் அவர் பெயர் அதில் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே, பராமரிப்பில் பிந்திய உரிமையாளர். கீழே, வாசித்தவர். இரண்டுக்கும் நடுவில் வேதவல்லி.